எழுதியது யார்? சரிபார்த்தது யார்?

(வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பஞ்சப்படி பற்றியதல்ல, போனஸ் பற்றியதல்ல, அறுவடைக் கூலி பற்றியதுமல்ல. கடல் கடந்து அமெரிக்காவில் நடந்த ஒரு பத்திரிகையின் கதை. "அங்கே எவனோ நடத்தும் பத்திரிகையைப் பற்றி நமக்கு என்ன கவலை?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறோம். படிக்கிறவனுடைய நம்பிக்கையை மூலதனமாக்கி ஒருவன் லாபம் சம்பாதிக்கிறான். அந்த எழுத்து தப்பாகப் போனால் நஷ்டம் அவனுக்கல்ல, படித்தவனுக்கு. இன்று செல்போன் இல்லாத வீடு குறைவு. வட்டி, கடன், சேமிப்பு என்று எதைத் தேடினாலும் யாரோ எழுதியது நம் கண் முன் வந்து நிற்கிறது. எழுதியது யார், எதற்காக எழுதினான் என்று கேட்க நாம் கற்றுக்கொள்ள வேண்டாமா?

மாட்டுச் சந்தையும் பத்திரிகையும்

சிநெட் என்பது அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் 1990-களின் நடுவில் தொடங்கிய ஒரு செய்தித் தளம். காகிதத்தில் அச்சடிப்பதல்ல, இணையத்தில் படிப்பது. கம்ப்யூட்டர், டெலிவிஷன், டெலிபோன் முதலிய சாமான்கள் சந்தைக்கு வந்தவுடன் அவற்றைச் சோதித்துப் பார்த்து, "இது தேறும், இது தேறாது" என்று ஜனங்களுக்குச் சொல்வதே அதன் வேலை. அந்த வேலையை அது பல வருஷம் நன்றாகவே செய்தது. லட்சக்கணக்கானவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் காசை எடுத்தார்கள்.

இது எப்படிப்பட்ட வேலை? சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவன் தனக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவனைக் கூட்டிக்கொண்டு போகிறான். பல்லைப் பிடித்துப் பார்க்க, சுழியைப் பார்க்க, நடையைப் பார்க்க அவன் வேண்டும். கூட வந்தவனே தரகனோடு துண்டுக்கடியில் விரல் பிடித்துவிட்டால்? மாடு நொண்டி என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். சாமான்களைப் பற்றி எழுதும் பத்திரிகை, கூட வந்த ஆளைப் போன்றது. அவன் கை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

விருதைப் பறித்த கை

இந்தத் தளத்தை 2008-ல் ஸி.பி.எஸ். என்ற பெரிய டெலிவிஷன் கம்பெனி விலைக்கு வாங்கியது. 2013 ஜனவரியில் லாஸ்வேகாஸ் நகரத்தில் மின்னணுச் சாமான்களின் பெரிய கண்காட்சி நடந்தது. அங்கே சிறந்த சாமானைத் தேர்ந்தெடுத்து விருது கொடுப்பது சிநெட்டின் பொறுப்பு. ஆசிரியர் குழு கூடி ஓட்டெடுத்தது. 'டிஷ்' கம்பெனியின் 'ஹாப்பர்' என்ற கருவி முதலிடம் பெற்றது. டெலிவிஷன் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, நடுவில் வரும் விளம்பரங்களைத் தாண்டிவிட்டுப் பார்க்க உதவும் கருவி அது.

விளம்பரத்தைத் தாண்டினால் டெலிவிஷன் கம்பெனிக்கு வருமானம் எங்கே? அதனால் ஸி.பி.எஸ். அந்தக் கருவியின் மீது ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தது. விருது விஷயம் தெரிந்ததும் மேலிடத்திலிருந்து உத்தரவு பறந்தது: அதைப் பட்டியலிலிருந்தே நீக்கு! ஆசிரியர் குழு வேறொன்றுக்கு விருது கொடுக்க வேண்டி வந்தது. ஓட்டெடுப்பின் உண்மையான முடிவு அப்போது வாசகர்களுக்குச் சொல்லப்படவில்லை. பிறகுதான் வெளியே வந்தது.

கிரெக் ஸாண்டோவல் என்ற நிருபர், பத்திரிகைச் சுதந்திரத்தை முதலாளி காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை தமக்குப் போய்விட்டது என்று பகிரங்கமாகச் சொல்லி ராஜினாமா செய்தார். கண்காட்சியை நடத்திய சங்கம் விருது கொடுக்கும் பொறுப்பையே சிநெட்டிடமிருந்து எடுத்துவிட்டது. ஹாப்பரையும் கூட்டு வெற்றியாளராக அறிவித்தது.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். எழுதியவர்கள் யோக்கியமாகத்தான் நடந்தார்கள். எழுத்துக்குச் சொந்தக்காரன் வேறு ஆளாக இருந்தான்.

தரகுக்காக எழுதுவது

2020-ல் சிநெட் மறுபடியும் கைமாறியது. இந்தத் தடவை வாங்கியது ரெட் வென்ச்சர்ஸ் என்ற கம்பெனி. விலை 50 கோடி டாலர். இந்தக் கம்பெனியின் முக்கியத் தொழில் என்ன? ஆள் பிடித்துக் கொடுப்பது. இணையத்தில் எதையோ தேடி வருகிறவரை பாங்கியிடமோ கிரெடிட் கார்டு கம்பெனியிடமோ கொண்டுபோய்ச் சேர்த்தால் தலைக்கு இவ்வளவு என்று தரகு உண்டு. "வட்டி என்றால் என்ன?" என்று ஒருவர் தேடுகிறார். ஒரு கட்டுரை வருகிறது. அதன் பக்கத்திலேயே கார்டுக்கு விண்ணப்பிக்கும் பொத்தான். அதை அழுத்தி அவருக்குக் கார்டு கிடைத்தால், கட்டுரை போட்டவனுக்குக் காசு.

இப்படிப்பட்ட வியாபாரத்தில் கட்டுரை எதற்கு? மீன் பிடிக்கிறவனுக்குப் புழு எதற்கோ அதற்குத்தான். புழு நல்ல புழுவா என்று தூண்டில்காரன் கவலைப்படுவதில்லை. நிறையப் புழு வேண்டும், மலிவாக வேண்டும், அவ்வளவுதான்.

2022 நவம்பரில் அதற்கு வழி பிறந்தது. பணம், கடன், சேமிப்பு பற்றிய கட்டுரைகளைக் கம்ப்யூட்டர் யந்திரத்தைக் கொண்டே எழுதிப் பிரசுரிக்கத் தொடங்கினார்கள். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "சிநெட் பணப்பகுதி ஊழியர்கள்" என்று போட்டார்கள். யந்திரம் எழுதியது என்ற செய்தி, அந்தப் பெயரைத் தொட்டுத் திறந்து பார்த்தவருக்கு மட்டும் தெரியும். அங்கேயும், ஆசிரியர் ஒருவர் நன்றாகச் சரிபார்த்திருக்கிறார் என்ற உறுதிமொழி இருந்தது.

கணக்குப் பார்த்தால்...

2023 ஜனவரியில் இது வெளியே வந்தது. வேறொரு தளம் கட்டுரைகளை வரி வரியாகப் படித்துப் பார்த்தது. என்ன கண்டது?

10,000 டாலரை 3 சதவிகித வட்டிக்குப் போட்டால் முதல் வருஷ முடிவில் 10,300 டாலர் சம்பாதிக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தது! வட்டிக்குப் பணம் வாங்கிய எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்வாள்: வட்டி 300, மற்ற 10,000 நம்முடைய முதல். முதலையும் சேர்த்துச் சம்பாத்தியம் என்று சொல்வது எந்த ஊர்க் கணக்கு?

இன்னொன்று. 25,000 டாலர் கார் கடனை 4 சதவிகித வட்டிக்கு வாங்கினால் வருஷா வருஷம் 1,000 டாலர் வட்டி என்று அதே கட்டுரை சொன்னது. மாதாமாதம் தவணை கட்டக் கட்ட அசல் குறைகிறது. குறைந்த அசலுக்குத்தான் வட்டி. ஐந்து வருஷத் தவணையென்று வைத்துக் கணக்குப் போட்டால் மொத்த வட்டி சுமார் 2,625 டாலர் வரும். அந்தக் கட்டுரையின் கணக்குப்படி 5,000 டாலர்! கிட்டத்தட்ட இரட்டிப்பு. இதை நம்பிய ஒருவரிடம் கடன் கொடுப்பவன் இரட்டிப்பு வட்டி கேட்டாலும், "சரிதான், பத்திரிகையில் போட்டிருந்ததே" என்று கையெழுத்துப் போட்டுவிட மாட்டாரா?

கூச்சல் எழுந்தது. வாசகர்கள் கோபப்பட்டார்கள், மற்றப் பத்திரிகைகள் கண்டித்தன. நிர்வாகம் யந்திர எழுத்தை நிறுத்தி வைத்து, எல்லாவற்றையும் மறுபடி பரிசீலித்தது. மொத்தக் கட்டுரைகள் 77. திருத்தம் தேவைப்பட்டவை 41. சில பெரிய பிழைகள், மற்றவை சிறு பிழைகள் என்றார்கள். வேறு இடங்களில் வந்த வாக்கியங்களைப் போன்றவை சிலவற்றில் இருந்ததையும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டதை நாம் மறுக்கவில்லை. திருத்தம் போட்டதும் சரிதான். ஆனால் "நன்றாகச் சரிபார்க்கப்பட்டது" என்ற உறுதிமொழிக்கு என்ன அர்த்தம்? 77 பாவு ஓட்டி 41-ல் பழுது விழுந்தால், துணியைச் சோதித்து முத்திரை வைத்தவனை மில்லில் என்ன கேட்பார்கள்?

யந்திரத்தின் மேல் குற்றமா?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். யந்திரம் வந்தால் உடை என்று நாம் சொல்லவில்லை. தறி தானாக நெய்யவில்லையா? பம்புசெட்டு தண்ணீர் இறைக்கவில்லையா? ஆனால் ஒரு யந்திரம் என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துதான் அதன் முன் ஆளை நிறுத்துகிறோம்.

இந்த எழுத்து யந்திரம் எப்படி வேலை செய்கிறது? மனிதர்கள் எழுதி வைத்த கோடிக்கணக்கான பக்கங்களை அதற்குள் செலுத்தியிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று அது கணித்துக் கோர்த்துக்கொண்டே போகிறது. கோர்வை அழகாக இருக்கும். படித்தவன் எழுதியது போலவே இருக்கும். சொல்வது மெய்யா பொய்யா என்ற பொறுப்பு அதற்குக் கிடையாது. கடன் பட்டுத் தூக்கம் கெட்டவனுடைய கஷ்டமும் அதற்குத் தெரியாது. அறுந்த இழையைப் பிணைக்க ஸ்பின்னிங்கில் ஆள் நிற்பது போல, அதன் பக்கத்திலும் விஷயம் தெரிந்த ஆள், அவகாசத்தோடு நிற்க வேண்டும். அந்த ஆளையும் அவகாசத்தையும் செலவென்று நினைத்தால் வருவது பழுதுத் துணிதான்.

இது சிநெட்டோடு நின்றதா? இல்லை. 2023 ஜூலையில் கிஸ்மோடோ என்ற இன்னொரு தொழில்நுட்பத் தளத்தில், ஒரு சினிமா வரிசையின் படங்களைக் கதைக் காலப்படி அடுக்குவதாக யந்திரம் ஒரு கட்டுரை எழுதியது. வரிசையே தப்பு. அந்தப் பகுதியின் ஆசிரியர் குழுவுக்கு அதில் பங்கே இல்லை. அங்கே வேலை செய்த உதவி ஆசிரியர் ஒருவரே 18 குறைகளைப் பட்டியல் போட்டு நிர்வாகத்துக்கு அனுப்பினார். வெட்கப்பட்டது யார் பாருங்கள்! உத்தரவிட்டவனல்ல, உழைத்தவன்.

உழைத்தவர்கள் என்ன செய்தார்கள்?

2023 மார்ச்சில் சிநெட்டில் ஆட்குறைப்பு நடந்தது. ஆசிரியர் பகுதியில் சுமார் பத்தில் ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மே மாதம் மற்ற ஊழியர்கள் ஒன்றுகூடினார்கள். சுமார் நூறு பேர். அமெரிக்காவின் கிழக்குப் பகுதி எழுத்தாளர் சங்கத்தோடு சேர்ந்து தொழிற்சங்கம் அமைக்கிறோம் என்று அறிவித்தார்கள். சம்பளமும் வேலைப் பாதுகாப்பும் மட்டுமல்ல அவர்கள் கேட்டது. ஆசிரியர் சுதந்திரம் வேண்டும், யந்திர எழுத்து எங்கள் வேலையையும் நற்பெயரையும் பறிக்கும்போது முடிவெடுப்பதில் எங்களுக்கும் குரல் வேண்டும் என்றார்கள்.

நற்பெயர் என்ற சொல்லைக் கவனியுங்கள். நல்ல துணி நெய்ய வேண்டும் என்ற ஆசை நெசவாளிக்கு உண்டு. நல்ல எழுத்து எழுத வேண்டும் என்ற ஆசை எழுத்தாளிக்கும் உண்டு. இங்கே வாசகனுடைய நலனும் எழுதுகிறவனுடைய நலனும் ஒன்றாகவே நின்றன.

நம்பிக்கையின் விலை

பிறகு என்ன ஆயிற்று? விக்கிபீடியா என்ற பொதுக் கலைக்களஞ்சியத்தைத் தொண்டர்கள் நடத்துகிறார்கள். 2020 அக்டோபருக்கு முந்திய சிநெட் செய்திகளை நம்பத் தகுந்தவை என்று கொண்ட அவர்கள், 2022 நவம்பர் முதல் வந்தவற்றைப் பொதுவாக ஆதாரமாகக் கொள்ளத் தகாதவை என்று முடிவு செய்தார்கள். 2024 ஆகஸ்டில் அந்தத் தளம் ஸிஃப் டேவிஸ் கம்பெனிக்கு விற்பனையாவதாக அறிவிப்பு வந்தது. விலை சுமார் 10 கோடி டாலர். நான்கு வருஷத்துக்கு முன் கொடுத்தது 50 கோடி. கூட இருந்த சில தளங்களை இடையில் தனியாக விற்றிருந்தார்கள் என்பது உண்மை. விளம்பரச் சந்தை மாறியதும் உண்மை. இருந்தாலும், வாசகர்களின் நம்பிக்கையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஒரு பத்திரிகையில் விற்பதற்கு என்ன மிச்சமிருக்கும்?

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, படிப்பதை விட்டுவிடு என்று நாம் சொல்லவில்லை. இன்னும் அதிகமாகப் படிக்க வேண்டும். படிக்கும்போது நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். எழுதியவன் பெயர் இருக்கிறதா? எழுதியதால் அவனுக்கோ அவன் முதலாளிக்கோ எங்கிருந்து காசு வருகிறது? சொன்ன கணக்கை நாம் போட்டுப் பார்த்தால் சரியாக வருகிறதா? தப்பு என்று காட்டினால், தப்பு வந்த இடத்திலேயே திருத்தம் போடுகிறார்களா?

கணக்கு வராது என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். கூலிச் சீட்டில் ஒரு ரூபாய் குறைந்தாலும் நம்மவர்கள் கண்டுபிடிக்கவில்லையா? அதே கண்ணோடு பத்திரிகையையும் படியுங்கள். தெரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு பேர் கூடிக் கணக்குப் போடுங்கள்.

இந்தக் கேள்விகள் அந்நிய நாட்டுத் தளங்களுக்கு மட்டுமல்ல. நாம் கையில் வைத்திருக்கும் ஏட்டுக்கும் உண்டு. நாம் எழுதுவதிலும் பிழை வரலாம். வந்தால் கடிதம் எழுதுங்கள். கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். உழைத்த காசைக் கொடுத்து வாங்குகிற நீங்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது? பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.