களர்க் கிணறும் சவுக்காரக் கட்டியும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சவுக்காரத்தைப் பற்றிப் பேச இலக்கிய மேடைதானா கிடைத்தது என்று சிலர் புன்னகைக்கலாம். அந்த வரலாற்றின் நம் பக்கத்தை நான் கண்டதே இலக்கியத்தில்தான்.

கொழுப்பையும் சாம்பலையும் கூட்டிச் செய்த பொருளைக் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே உரோமானிய அறிஞர் பிளினி குறித்து வைத்தார். சிரியாவின் அலெப்போ நகரம் ஒலிவ எண்ணெயில் செய்த கட்டிகளால் புகழ்பெற்றது; அரபியர் அதனைச் ‘சாபூன்’ என்றனர். கொழுப்பும் காரமும் சேர்ந்து என்னவாகின்றன என்பதைப் பிரெஞ்சு வேதியியலார் ஷெவ்ரல் 1823இல் நூலாக்கினார். 1916இல் மைசூர் அரசு சந்தன எண்ணெய் ஆலையை நிறுவியது. அதன் வழியே மைசூர் சந்தன சோப்பு மணந்தது.

இவ்வரிசையில் நம்மவர் எங்கே? புறநானூற்றின் 311ஆம் பாடலைப் பாருங்கள். களர் நிலத்துக் கிணற்றில் நாள்தோறும் ஆடை வெளுக்கும் பெண்ணொருத்தியை ஔவையார் காட்டுகிறார். உழவன் வெறுக்கும் களரை அவள் நாடியது ஏன்? அந்த மண்ணில் உள்ள காரத்திற்காக என்று கொள்வதே பொருந்தும். பிற்காலத்தில் சலவைத் தொழிலாளர் உவர்மண்ணில் துணியை ஊறவைத்து வெள்ளாவி வைத்ததும் அதே அறிவால்தான். துணியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கோடு காரமும் வெப்பமும் சேர, அங்கேயே ஓரளவு சவுக்காரம் விளைகிறது. ஷெவ்ரல் ஏட்டில் எழுதியதை அவர்கள் பானையில் செய்துவந்தார்கள். பூந்திக்கொட்டை நுரையும் நாம் அறிந்ததே. அம்மரத்திற்குத் தாவரவியலார் இட்ட ‘சப்பிண்டஸ்’ என்னும் பெயருக்கே ‘இந்திய சோப்பு’ என்பது பொருள்.

ஆயினும் ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. தலைவனின் வெள்ளாடையைப் பாடிய பாட்டில், வெளுத்தவளுக்குப் பெயரில்லை. ‘புலைத்தி’ என்னும் சொல்லே உண்டு. ஊர் உடுத்திய வெண்மை அவள் கைகளால் வந்தது. அவள் வழிவந்தோரையோ ஊர் தன் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது உலகமே சவுக்காரத்தால் கைகழுவிற்று. கிருமியின் கொழுப்புறையைச் சிதைத்த அந்த நுரை, அது யார் கை என்று கேட்கவில்லை.

கவிஞர்களே, வெண்மையைப் பாடும்போது வெளுத்த கைகளையும் பாடுங்கள். பெயரற்ற அப்பெண்ணுக்கு ஒரு கவிதை இந்த வட்டத்தில் பிறக்கட்டும்.