மாடி எடுக்கும் முன் மண்ணைக் கேளுங்கள்



புத்தூரிலிருந்து ரேணிகுண்டா போகும் சாலையில் வடமாலபேட்டை இருக்கிறது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். 2022-இல் திருப்பதி மாவட்டம் புதிதாக உருவானபோது அதில் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் பக்கம் இது. இந்தப் பக்கத்து ஊர்களில் தளம் போட்ட வீடுகளைப் பாருங்கள். பல வீடுகளின் தலையில் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். "இன்றைக்கு ஒரு தளம். பிள்ளை தலையெடுத்ததும் மேலே மாடி" என்பதுதான் அந்தக் கம்பிகளுக்கு அர்த்தம்.

அப்படி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீடு 20 அடி அகலம், 30 அடி நீளம். மகனுக்குக் கல்யாணம் வருகிறது. மாடியில் இரண்டு அறை கட்ட வேண்டும். மேஸ்திரி வந்தார். மேலே ஏறினார். தளத்தைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"தாராளமா தாங்கும்மா. நாளைக்கே செங்கல் இறக்கச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்கார அம்மா ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணா, நீங்க மேலே பார்த்தீங்க. கீழே கடக்கால் எத்தனை அடின்னு பார்த்தீங்களா?"

சரியான கேள்வி. மாடியைத் தாங்குவது தளம் அல்ல. மாடியின் பாரம் சுவருக்கு இறங்குகிறது. சுவரிலிருந்து கடக்காலுக்கு இறங்குகிறது. கடக்காலிலிருந்து மண்ணுக்கு இறங்குகிறது. கடைசியில் எல்லாவற்றையும் சுமப்பது மண்தான்.

எவ்வளவு பாரம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 அங்குலக் கான்கிரீட் தளம் ஒரு சதுர அடிக்குச் சுமார் 30 கிலோ இருக்கும். 600 சதுர அடிக்கு 18 டன். 9 அங்குலச் செங்கல் சுவர் 10 அடி உயரத்துக்கு எழும்பினால், ஓர் அடி நீளத்துக்குச் சுமார் 400 கிலோ. வீட்டைச் சுற்றி 100 அடி சுவர். அது 40 டன். கதவு, ஜன்னலுக்குக் கொஞ்சம் கழித்துவிடலாம். அப்படியும் மொத்தம் 50 டன்னுக்கு மேல் வருகிறது. சரக்கு ஏற்றிய மூன்று லாரிகளை வீட்டின்மேல் நிறுத்தியது போல! இதற்குப் பிறகுதான் கட்டில், பீரோ, ஆட்கள். 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் அது தனியாக ஒரு டன்.

இந்தப் பாரத்தை எண்ணிக் கடக்கால் போட்டிருந்தால் கவலை இல்லை. ஒரு தளத்துக்கு என்று மட்டும் போட்டிருந்தால்? மேலே நீட்டிய கம்பி அதைச் சொல்லாது. கம்பியை யாரும் நீட்டி வைக்கலாம். அதனால் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

சுவர் ஓரமாக ஓர் இடத்தில் மட்டும் சின்னக் குழி. கடக்காலின் அடி தெரியும் வரை தோண்ட வேண்டும். அதற்குக் கீழே போகக் கூடாது. நீளமாகப் பள்ளம் பறிக்கவும் கூடாது. அது கடக்காலையே அசைத்துவிடும். குழியில் பார்க்க வேண்டியவை: கடக்காலின் ஆழம் என்ன? அடியில் அகலம் எவ்வளவு? கல்லைச் சிமெண்டில் கட்டினார்களா, மண்ணில் கட்டினார்களா? கடக்கால் உட்கார்ந்திருப்பது கெட்டியான செம்மண்ணா, சரளையா, களிமண்ணா? களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். மண் பூச்சில் கட்டிய சுவரின்மேல் கான்கிரீட் மாடியை நினைக்கவே வேண்டாம்.

இந்த அளவுகளை ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டினால் அவர் கணக்குப் போட்டுச் சொல்வார். அவருக்குக் கொடுக்கும் கூலி, மாடிக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான். வாஸ்து பார்க்கத் தயங்காமல் செலவு செய்கிறோம். இதற்கு மட்டும் கை ஏன் சுருங்க வேண்டும்?

குழியில் ஈரம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தில்லியில் லட்சுமி நகர் பக்கம் லலிதா பார்க் என்று ஓர் இடம். யமுனை ஆற்றுக்கு அருகில் இருக்கிறது. 2010-இல் யமுனையில் வெள்ளம் வந்தது. அங்கே ஒரு குடியிருப்பின் அடித்தளத்தில் தண்ணீர் தேங்கியது. மேலேயோ, அனுமதி இல்லாமல் இன்னொரு மாடி சேர்த்திருந்தார்கள். நவம்பர் 15 அன்று இரவு கட்டடம் முழுவதும் சரிந்தது. அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். பிழைப்புத் தேடி வந்த ஏழைகள்தான் அதிகம். கீழே ஊறிய மண், மேலே கூடிய பாரம். நம் வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் கடக்கால் ஓரத்திலேயே தேங்குகிறதா? மாடிப் பேச்சுக்கு முன்பே அதை வெளியேற்ற வழி செய்ய வேண்டும்.

அடுத்தது விரிசல். கீழ்வீட்டுச் சுவரில் சாய்வாக விரிசல் இருந்தால், அதன்மேல் சிறு கண்ணாடித் துண்டைக் குறுக்காகச் சிமெண்டில் பதித்துத் தேதி எழுதி வைக்கலாம். சில மாதத்தில் கண்ணாடி உடைந்தால், சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். வங்காளதேசத்தில் ராணா பிளாசா என்ற கட்டடத்திலும் அனுமதி இல்லாமல் மேல் மாடிகள் சேர்த்திருந்தார்கள். 2013 ஏப்ரல் 23 அன்று அதில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கிக்காரர்கள் வெளியேறிவிட்டார்கள். மேலே துணி தைக்கும் தொழிலாளர்களையோ மறுநாளும் வேலைக்கு வரச் செய்தார்கள். மறுநாள் காலை கட்டடம் விழுந்தது. இறந்தவர்கள் 1,134 பேர். அது பெரிய கட்டடம், நம்முடையது சின்ன வீடு. ஆனாலும் விரிசல் சொல்லும் சேதி ஒன்றுதான்.

சரி, கடக்கால் தாங்கும் என்று பொறியாளர் சொல்லிவிட்டார். வேலை தொடங்குகிறது. இங்கே பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு.

புதுத் தளம் போடும்போது சென்ட்ரிங் அடித்து முட்டுக் கொடுப்பார்கள். அந்த முட்டுகள் எங்கே நிற்கின்றன? பழைய தளத்தின்மேல். ஈரக் கான்கிரீட்டின் பாரம் முழுவதும் முட்டு வழியாகப் பழைய தளத்தில் இறங்கும். சதுர அடிக்கு 30 கிலோ. பலகையும் ஆட்களும் வேறு. ஆனால் மொட்டை மாடிக்கு, ஆட்கள் நடமாட என்று சேர்த்துக்கொள்ளும் கணக்கு சதுர அடிக்குச் சுமார் 14 கிலோதான். இரண்டு பங்குக்கு மேல் பாரம் ஏறுகிறது! அதனால் கீழ் அறைக்குள்ளும் முட்டுக் கொடுக்க வேண்டும். மேல் முட்டுக்கு நேர் கீழே கீழ் முட்டு நிற்க வேண்டும். சில வாரம் வீட்டுக்குள் நடக்க இடைஞ்சல்தான். கீழே சமைத்துக்கொண்டு, படுத்துக்கொண்டு இருப்பது நம் குழந்தைகள் அல்லவா?

செங்கல்லையும் மணலையும் தளத்தின் நடுவில் குவிக்கக் கூடாது. சுவர் ஓரமாக, அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் ஏற்றினால் போதும். மேல் சுவர் கீழ்ச் சுவருக்கு நேராக எழும்ப வேண்டும். அறை பெரிதாக வேண்டும் என்று சுவரை நகர்த்தித் தளத்தின் நடுவில் நிறுத்தினால், அடியில் பீம் வேண்டும். 15 அடி வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் கழித்துத்தான் முட்டைப் பிரிக்கலாம் என்கிறது இந்தியத் தர விதி. இப்போது விற்கும் சாம்பல் கலந்த சிமெண்ட் மெதுவாக இறுகும். அதற்கு நாள் கூட்டுவது நல்லது. தண்ணீர் கட்டுவதை ஒரு நாளும் விடக் கூடாது.

கடக்கால் போதாது என்று பொறியாளர் சொன்னால் ஆசையை விட்டுவிட வேண்டியதில்லை. நாலரை அங்குலச் சுவரும் தகரக் கூரையும் பாரத்தைப் பாதிக்குக் கீழே குறைக்கும். அதற்கும் அவரிடம் கணக்குக் கேட்க வேண்டும். காற்றில் பறக்காதபடி கூரையைச் சுவரோடு இறுக்கிக் கட்டவும் வேண்டும். இடம் இருந்தால், பழைய வீட்டை ஒட்டித் தனிக் கடக்காலில் தூண் எழுப்பி மாடியை அதன்மேல் நிறுத்தலாம். செலவு கூடும்.

கட்டும் முன் ஊராட்சியில் அனுமதி வாங்க வேண்டும். தெரு மின்கம்பியையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒரு தள வீட்டுக்கு எட்டாத கம்பி, மாடி ஜன்னலுக்குக் கையெட்டும் தூரத்தில் வந்துவிடும். வீட்டுக்கு மின்சாரம் தரும் சாதாரணக் கம்பிக்கும் சுவருக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், அதாவது 4 அடி இடைவெளி வேண்டும். கம்பி வீட்டுக்கு மேலே போனால் 2.5 மீட்டர் வேண்டும். உயர் அழுத்தக் கம்பி மேலே போனால் இன்னும் அதிகம். கம்பியை மாற்ற வேண்டுமானால் செங்கல் இறக்கும் முன்பே மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்த ஆண்டு பணம் சேரவில்லை, மாடியைத் தள்ளிப் போடுகிறோம் என்பவர்கள், நீட்டிய கம்பியையாவது காப்பாற்றலாம். புதுக் கம்பியை இணைக்க, பழைய கம்பி அதன் தடிமனைப் போல் சுமார் 50 மடங்கு நீட்டியிருக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் கம்பி என்றால் 2 அடி. துருவைத் தேய்த்துவிட்டுச் சிமெண்ட் பால் பூச வேண்டும். அதைச் சுற்றி மட்டமான கான்கிரீட்டைப் போட்டு மூடி வைக்கலாம். மாடி எடுக்கும் நாளில் அதைத் தட்டி உதிர்த்துவிட்டால், உள்ளே கம்பி கெடாமல் இருக்கும்.