நேற்றைய நானும் இன்றைய நானும்

சதுரங்கம் ஆடுவதற்கு எதிரே ஒருவர் வேண்டும். சொக்கட்டானுக்கும் துணை வேண்டும். பல்லாங்குழியில் மட்டும் ‘சீதைப் பாண்டி’ என்று தனியொருவர் ஆடும் ஆட்டம் உண்டு. அசோகவனத்தில் தனித்திருந்த சீதை ஆடியது அது என்று பெரியவர்கள் காரணமும் சொல்வார்கள். ஆயினும், தனியே ஆடுகிறவருக்கு அவரையே துணையாகத் தரும் ஆட்டம் ஒன்று இருக்கக்கூடும் என்று நான் எண்ணியதில்லை. இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. சற்று முன்பு நாம் செய்தவற்றைக் கணிப்பொறி பதிந்து வைத்துக்கொள்கிறது. பிறகு அந்தப் பதிவு நம் பக்கத்தில் வந்து நின்று அதே செயல்களைத் திரும்பச் செய்கிறது. அதனோடு கூடி உழைத்துத்தான் நாம் புதிரை விடுவிக்க வேண்டும். இத்தகைய ஆட்டங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்திதான் இதனை எனக்கு அறிமுகம் செய்துவைத்தாள். ஜப்பானியரான யோஷியோ இஷீ என்பவர் 2008-ஆம் ஆண்டில் உருவாக்கிய அந்த ஆட்டத்தின் பெயர் ‘கர்சர் டென்’. கணிப்பொறித் திரையில் நாம் நகர்த்தும் அம்புக்குறியே அதில் கதாநாயகன். அத்தகைய அம்புகள் பத்து நமக்குத் தரப்பட்டிருந்தன. படிக்கட்டின்மீது அம்பை வைத்து அழுத்தினால் அடுத்த மாடிக்குப் போகலாம். மாடி மாடியாக ஏறி உச்சியை அடைவதே குறிக்கோள். ஆனால் ஒவ்வோர் அம்புக்கும் ஆயுள் மிகச் சொற்பம். ஒன்றின் நேரம் முடிந்ததும் மற்றொன்று அடித்தளத்திலிருந்து மீண்டும் புறப்படும். அப்பொழுது முந்திய அம்பும் கூடவே தோன்றி, தான் முன்பு சென்ற வழியிலேயே, முன்பு செய்தவற்றையே செய்துகொண்டு போகும்.

இதில் இடர் எங்கே என்று கேட்பீர்கள். ஒரு மாடியில் ஒரு பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால்தான் படிக்கட்டுத் தோன்றும், விட்டால் மறைந்துபோகும். அழுத்துகிறவர் ஏற முடியாது; ஏறுகிறவர் அழுத்த முடியாது. வேறொரு மாடியில் ஒரு பொருளைப் பலமுறை அழுத்தித் தீர்க்க வேண்டும்; ஓர் அம்பின் ஆயுளுக்குள் அது முடியாது.

நான் நாற்பது ஆண்டுகள் மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். அந்த மிடுக்கோடு ஆடத் தொடங்கினேன். முதல் அம்பு விரைந்து ஏறிப் பொத்தான் இருந்த மாடியில் திகைத்து நின்று மடிந்தது. இரண்டாவது அதைவிட விரைந்து சென்று அதே இடத்தில் மடிந்தது. பத்தும் அவ்வாறே முடிந்தன. பேத்தி சிரித்துவிட்டாள். “தாத்தா, பத்துப் பேரும் மேலே போகத்தானே பாக்கிறீங்க? ஒருத்தராவது பொத்தானைப் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டாமா?” என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மறுபடியும் தொடங்கி, முதல் அம்பைப் பொத்தானின்மேல் நிறுத்தி அழுத்திக்கொண்டிருந்தேன். படிக்கட்டுக் கண்ணெதிரே திறந்து கிடந்தது. ஆனால் ஏறுவதற்கு ஆள் இல்லை. வரப்போகிற துணைவன் இன்னும் பிறக்கவே இல்லை. அவன் வருவான் என்ற நம்பிக்கையில் ஓர் ஆயுளை முழுதும் ஒரே இடத்தில் கழிப்பது எவ்வளவு கடினம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஆடுவது நான், நிற்பது நான், பயன் பெறப்போவதும் நானே. இருந்தும் கை பொறுக்கவில்லை. அதன் பின்னர் இரண்டாவது அம்பு அந்த மாடிக்கு வந்தபோது, முதல் அம்பு பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றிருந்தது. நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. யாருக்குச் சொல்வது?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்தக் கணத்தில் அம்பு எங்கே இருந்தது, எப்பொழுது அழுத்தியது என்பவையே பதிவாகின்றன. ஆகவே பதிவுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. நான் சற்றுப் பிந்தி வந்தால், “இன்னும் ஒரு கணம் பொறு” என்று அதனிடம் கெஞ்ச இயலாது. அதன் நேரம் முடிந்ததும் அது மறைந்துவிடும், படிக்கட்டும் மறைந்துவிடும். என்னை நான் திருத்த முடியவில்லை. என்னோடு பொருந்தி நடக்க மட்டுமே முடிந்தது.

இதே கருத்தை வேறு சிலரும் வேறு வகையில் கையாண்டிருக்கிறார்கள். அமெரிக்கரான ஜானதன் புளோ 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிரெய்டு’ என்ற ஆட்டத்தின் நாயகன் டிம், தான் செய்த தவறு ஒன்றை எண்ணி ஏங்குகிறவன். அங்கே காலத்தைப் பின்னோக்கிச் செலுத்தலாம். அதன் ஒரு பகுதியில், அவ்வாறு பின்னோக்கிச் சென்று ஒரு செயலை நாம் அழித்துவிட்டால், ஒரு நிழலுருவம் தோன்றி அழித்த செயலையே செய்துகொண்டு போகிறது. நிழல் ஒரு பக்கம் தன் வேலையைச் செய்ய, நாம் மறுபக்கம் நம் வேலையைச் செய்கிறோம். கைவிட்ட வழியும் வீணாகவில்லை. குரோஷியா நாட்டின் குரோட்டீம் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ‘தி டாலோஸ் பிரின்சிபிள்’ என்ற ஆட்டத்திலோ, பதிவுக் கருவி ஒன்றே வைக்கப்பட்டிருக்கிறது. அதை இயக்கிவிட்டு, இல்லாத ஒருவருக்காகத் தரைப் பலகையை மிதித்து நிற்கிறோம். பதிவு மறுபடி ஓடும்போது நாமே அந்த ஒருவராகி, திறந்த கதவின் வழியே நுழைகிறோம்.

கணிப்பொறிக்கு முன்பே இசைக்கலைஞர் ஒருவர் இதைச் செய்துகாட்டினார். அமெரிக்க ஜாஸ் மேதையான சிட்னி பெஷே 1941-ஆம் ஆண்டில் ஒரே பாட்டுக்கு ஆறு கருவிகளைத் தாமே வாசித்துப் பதிவு செய்தார். முன்பு வாசித்ததை இசைத்தட்டில் ஓடவிட்டு, அதைக் கேட்டபடியே அடுத்த கருவியை வாசித்தார். முந்திய வாசிப்பில் தாளம் பிசகியிருந்தால் பிந்திய வாசிப்பு என்ன செய்ய முடியும்? தட்டில் ஏறிய பெஷே, எதிரே நிற்கும் பெஷேயைக் கண்டு இரங்கமாட்டார்.

இவற்றையெல்லாம் விளையாட்டு என்றே நானும் எண்ணியிருந்தேன். ஒரு புதன்கிழமை அந்த எண்ணம் மாறிற்று. எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. ஏழு அறைகள் கொண்ட சிறு பெட்டி ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை இரவே அந்த வாரத்துக்குரிய மாத்திரைகளை இட்டு வைத்துவிடுவது என் வழக்கம். அந்த வாரம் வானொலியில் கச்சேரி கேட்டுக்கொண்டே பெட்டியை நிரப்பினேன். புதன்கிழமை காலையில் வழக்கம்போல் அன்றைய அறையைத் திறந்து, உள்ளதைக் கையில் கொட்டி விழுங்கினேன். சற்று நேரத்தில் தலை சுற்றி முற்றத்தில் விழுந்தேன். நெற்றியில் நான்கு தையல் போட்டார்கள். வீடு திரும்பிப் பெட்டியைத் திறந்து பார்த்தால், வெள்ளிக்கிழமை அறை காலியாக இருந்தது. அதற்குரிய மாத்திரைகளும் புதன்கிழமை அறைக்கே போயிருந்தன.

யாரை நோவது? புதன்கிழமை நான், ஞாயிற்றுக்கிழமை நானை நம்பினேன். அவனோ சங்கீதத்தில் லயித்திருந்தான். நெற்றியில் கட்டோடு படுத்திருந்தபோது பேத்தி கூறிய சொல் நினைவுக்கு வந்தது. பொத்தானைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியவன் நிற்கவில்லை.

அதிலிருந்து இரண்டு பாடம் கற்றேன். முன்னே செய்கிறவன், பின்னே வருகிறவனை மனக்கண்ணால் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும். வருகிறவன் தூக்கக் கலக்கத்தோடு வருவான், ஐயமின்றி நம்புவான், அவனால் நம்மிடம் எதையும் கேட்க முடியாது. இது முதற்பாடம். பின்னே வருகிறவனும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிடக்கூடாது. பதிவுக்குக் கண் இல்லை. இருவரில் கண் உள்ளவன் அவன் ஒருவனே. இது இரண்டாவது. நேற்றைக் குறை கூறுவதிலேயே பலர் காலம் கழிக்கிறோம். நேற்று திருந்தாது. அது செய்து வைத்தது இன்னதென்று பார்த்து, அதனோடு பொருந்தி நடப்பதே இன்று நம்மால் ஆவது. நாளைக்கு நேற்றாகப் போகிற இந்த நாள் மட்டும் இன்னும் நம் கையில் இருக்கிறது.

இந்தப் பேச்சும் இப்பொழுது பதிவாகிறது. இது ஒலிபரப்பாகும்போது நான் வீட்டில் வானொலிப் பெட்டியின்முன் அமர்ந்து உங்களோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு சொல்லையும் அப்பொழுது திருத்த முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் மட்டும் வானொலியை நிறுத்திவிட்டுத்தான் மாத்திரைப் பெட்டியைத் திறக்கிறேன். நிலையத்தார் இதற்கு என்னைப் பொறுத்தருள வேண்டும்.