ஓரை காட்டும் வழி

பத்தாண்டு நிறைவு விழாவில் சோதிடத்தின் தோற்றமும் வரலாறும் பற்றிப் பேசப் பணித்தீர்கள். நீங்கள் சொல்லோடு வாழ்பவர்கள். ஆதலின் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டே இவ்வரலாற்றுள் நுழைகிறேன். அச்சொல் 'ஓரை'.

இன்று 'வேத சோதிடம்' என வழங்குவது முழுவதும் வேதத்தில் உள்ளதா? வேதாங்கங்கள் ஆறனுள் சோதிடமும் ஒன்று என்பது உண்மையே. ஆனால், இலகதர் பெயரால் வழங்கும் வேதாங்க சோதிடம் வேள்விக்குரிய காலத்தைக் கணிக்கும் நூல். ஐந்தாண்டு கொண்ட உகமும், இருபத்தேழு நாள்மீன்களும், ஞாயிறு திங்களின் செலவும் அதில் உண்டு. பன்னிரு வீடு வகுத்துப் பிறந்தவர்க்குப் பலன் கூறும் சாதகம் அதில் இல்லை.

வான்வழியைப் பன்னிரண்டு இராசிகளாகப் பகுத்தவர் பாபிலோனியர். அங்குக் கிடைத்த மிகப் பழைய பிறப்புக் கணிப்பு கி.மு. 410-ஆம் ஆண்டினது. எகிப்தில் கிரேக்க மொழியில் எழுதியோர் அதனை விரித்து வளர்த்தனர். அது வடமொழிக்கு வந்ததை 'யவன சாதகம்' என்னும் நூற்பெயரே உரைக்கும். கேந்திரம், திரேக்காணம், ஓரா ஆகியன கிரேக்கச் சொற்களின் திரிபுகளே.

ஓரா என்பது பொழுதின் கூறு. ஒரு நாளின் இருபத்துநான்கு ஓரைகளைச் சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என்னும் வரிசையில் கோள்களுக்கு உரிமையாக்கிப் பாருங்கள். சனியில் தொடங்கினால் இருபத்தைந்தாம் ஓரை, அதாவது மறுநாளின் முதல் ஓரை, ஞாயிற்றுக்கு உரியதாகும். ஞாயிற்றில் தொடங்கினால் திங்களுக்கு உரியதாகும். கிழமைகளின் வரிசை பிறந்த வகை இதுவே. கி.பி. 484-ஆம் ஆண்டு ஏரண் கல்வெட்டு வியாழக்கிழமையைக் குறிக்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். அகநானூற்றின் 86, 136-ஆம் பாடல்களில் திங்களும் நாள்மீனும் பார்த்து மணம் நிகழ்கிறது. இது பழைய அடுக்கு. சங்கப் பாடல்களில் ஓரை என்பது மகளிர் விளையாட்டு. தொல்காப்பியக் களவியலோ நாளையும் ஓரையையும் இணைத்துப் பேசுகிறது. உரையாசிரியர் அவ்வோரையை முகூர்த்தம் என்பர். இது கிரேக்க வழிச் சொல் எனக் கொண்டு வையாபுரிப் பிள்ளை நூலின் காலத்தைப் பிற்படுத்தினார். மறுத்தோர் தமிழ்ச் சொல்லே என்றனர். பொருளை நோக்கின், விளையாட்டு ஓரையும் பொழுதின் ஓரையும் வடிவொத்த இருவேறு சொற்கள் என்பதே என் துணிபு. அங்ஙனமாயின், நாள்மீன் மரபும் யவன மரபும் அவ்வொரு நூற்பாவில் அருகருகே நிற்கின்றன.

2001-இல் பல்கலைக்கழக மானியக் குழு வேத சோதிடத்தைப் பாடமாக்க முனைந்தது. அதனை எதிர்த்த வழக்கை 2004-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சோதிடம் அறிவியலா என்பதே அன்று பெரிதும் பேசப்பட்டது. அப்பெயர் பொருந்துமா என்று கேட்கும் கடமை மொழி பயின்ற நமக்கு உண்டு.

ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் இக்கடனை மறைக்கவில்லை. யவனர் அயலாராயினும் இக்கலை அவர்பால் நிலைபெற்றமையால் முனிவர்போல் போற்றப்படுவர் என்று பிருகத் சங்கிதையில் எழுதினார். கலையைப் பயின்றவருக்கே இல்லாத கூச்சம் அதன் வரலாற்றை எழுதும் நமக்கு எதற்கு? கடன் வாங்கிய சொல்லால் மொழி தாழ்வதில்லை. வாங்கியதை மறைத்தால் வரலாறு பிழைபடும்.