வலைப்பக்கச் சொல்லும் தமிழ் இலக்கணமும்

(குடந்தையில் நடந்த தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மறைமலையடிகளார் தூயதமிழ்க் கொள்கையைக் கைக்கொண்ட ஆண்டு 1916. வேதாசலம் என்னும் தம் பெயரையே மறைமலை என மாற்றி நமக்கு வழிகாட்டினார். 1969-இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. 1982-இல் நம் அண்டை ஊராகிய மாயூரம், மயிலாடுதுறை என்னும் தன் பழம்பெயரை மீண்டும் பெற்றது. பெயர்ப்பலகையிலும் அரசிதழிலும் நாம் நடத்திய அப்போர் இன்று வேறொரு களத்திற்கு வந்துள்ளது. நம் பிள்ளைகள் நாளும் படிப்பவை கைப்பேசித் திரையில் தோன்றும் வலைப்பக்கங்களே. அப்பக்கங்களின் சொற்களைப் படிக்கவும் மாற்றவும் வல்ல கருவி ஒன்று உண்டு. அதனை நாம் ஆளக் கற்றல் வேண்டும். இலக்கணத்தோடு ஆளக் கற்றல் வேண்டும். இதனைச் சொல்லவே வந்தேன்.

சாவாசுகிரிப்டு என்பது 1995-இல் பிரெண்டன் ஐக்கு என்பார் ஆக்கிய நிரல்மொழி. வலைப்பக்கம் நம் திரைக்கு வந்தவுடன், உலாவி அதனை ஒரு மரமாக அமைத்துக்கொள்கிறது. தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு ஆகியன அதன் கிளைகள். நாம் படிக்கும் உரையே அதன் இலைகள். நிரலானது வேண்டிய உறுப்பைத் தேடிப் பிடித்து, அதன் உரையைப் படித்து, அவ்விடத்தில் வேறு உரையை வைக்கும்.

‘டெக்சுட் கன்டென்ட்’ என்னும் கட்டளை ஓர் உறுப்பின் உரையை முழுமையாகப் படித்துத் தரும். ஆனால், அதன்வழியே புதிய உரையை இட்டால், அவ்வுறுப்பினுள் இருந்த இணைப்பும் படமும் அழிந்து, வெறும் உரையே எஞ்சும். ‘இன்னர் எச்.டி.எம்.எல்.’ என்னும் கட்டளை குறிகளோடு சேர்த்து மாற்றவல்லது. அயலார் எழுதியதை ஆராயாமல் அதன்வழி உள்ளே விட்டால், தீங்கு செய்யும் நிரலும் உடன் நுழையும். ஆகவே, மரத்தில் கிளைகிளையாய் இறங்கி, உரை இலைகளை மட்டும் மாற்றுதலே சிறந்த முறை. நம் கொடிக்கால்களில் வெற்றிலை கிள்ளுவோர் கொடியையா அறுக்கின்றனர்?

இதுவரை சொன்னது எம்மொழிக்கும் பொது. இனித் தமிழுக்கே உரிய மூன்று இடர்ப்பாடுகளைக் கேளுங்கள்.

முதலாவது, எழுத்து. தேவாரம் குடமூக்கு என்றும், ஆழ்வார் பாடல்கள் குடந்தை என்றும் போற்றிய இவ்வூரைக் ‘கும்பகோணம்’ என எழுதுகின்றனர். அச்சொல்லில் உள்ள ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், முன்னிற்கும் இரட்டைக் கொம்பும் பின்னிற்கும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கோ அவை வேறு வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. இருவகையையும் ஒருவகையாக்கும் ‘நார்மலைசு’ என்னும் கட்டளை 2015 முதல் அந்நிரல்மொழியிலேயே உண்டு. தேடுமுன் அதனைப் பயன்படுத்துக.

இரண்டாவது, சொல்லின் எல்லை. ‘நதி’ என்னும் வடசொல்லை நீக்கி ‘ஆறு’ என வைக்க ஒருவர் நிரல் எழுதுகிறார் எனக் கொள்வோம். கோயில் நகராகிய இவ்வூரைப் பற்றிய பக்கத்தில் ‘சந்நதி’ என்று ஒரு சொல் வரும். அதன் இறுதியிலும் ‘நதி’ உண்டே! நிரல் அதனைச் ‘சந்ஆறு’ என ஆக்கிவிடும். சொல்லெல்லையை அறிய அந்நிரல்மொழியில் வழங்கும் பழைய குறி, ஆங்கில எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையுமே சொல்லின் பகுதியாகக் கொள்ளும், தமிழெழுத்தை அறியாது. 2018-இன் நெறிமுறையில்தான் தமிழ் எழுத்தெனத் தனித்தறியும் வழி சேர்ந்தது. ஆங்கிலத்திற்கென அமைந்த வழியை அப்படியே எடுத்தாளுதல் தமிழுக்குப் பொருந்தாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

மூன்றாவதே தலையாயது, அது புணர்ச்சி. ‘காவிரி நதியில்’ என்பதில் சொல்லை மட்டும் மாற்றினால் ‘காவிரி ஆறுயில்’ என வரும். நெடிலைத் தொடர்ந்த குற்றியலுகரத்தில் றகரம் இரட்டும் என நன்னூல் கற்றவர் அறிவர். ‘ஆற்றில்’ என்பதே தமிழ். ‘கும்பகோணத்திற்கு’ என்பது ‘குடந்தைக்கு’ என ஆதல் வேண்டும். ஆங்கே அத்துச் சாரியை வந்தது. ஈங்கே அது வாராது. நிரலாளனுக்கு இந்நெறி தெரியாது. புலவருக்கு நிரல் தெரியாது. இருவரும் ஓரிடத்தில் அமர்ந்தால் அன்றி இப்பணி நிறைவேறாது. பிறமொழிச் சொல்லை நீக்குகிறோம் எனக் கூறித் தமிழ்ச் சொல்லையே சிதைப்பது தொண்டாகாது. களை பறிக்கப் போய்ப் பயிரைப் பறித்த கதையாகும்.

இன்னும் ஒன்று. உலாவியில் நாம் செய்யும் மாற்றம் நம் திரையளவில் நிற்பது. பக்கத்தை மறுபடி திறந்தால் பழைய சொல்லே நிற்கும். எழுதியவரின் வழங்கியில் ஒன்றும் மாறுவதில்லை. நம் திரையில் நாம் விரும்பியவாறு படிக்க நமக்கு உரிமையுண்டு. ஆயினும், மாற்றிய திரையைப் படமெடுத்து, பிறர் அவ்வாறே எழுதினார் எனப் பரப்புதல் பொய்யாகும். மேற்கோளையும் மக்கள் பெயரையும் தொடுதல் கூடாது. மாற்றிய சொல்லுக்கு ஓர் அடையாளமிட்டு, பழைய சொல்லும் விளங்கச் செய்தல் வேண்டும். 1880 முதல் 1903 வரை இக்குடந்தைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த உ.வே.சாமிநாதர், ஏட்டுக்கு ஏடு கண்ட வேறுபாடுகளை மறைத்தாரல்லர். தம் பதிப்புகளில் குறித்துக் காட்டினார். அந்நேர்மை திரைக்கும் உரியது.

இளைஞர்களே! ஊர்தோறும் ஒரு தமிழாசிரியரும் ஒரு நிரலாளரும் இணைக. ஒவ்வொரு வேற்றுச்சொல்லுக்கும் ஏற்ற தமிழ்ச் சொல்லை, எட்டு வேற்றுமையிலும் அது பெறும் வடிவத்தோடு, பட்டியலாக எழுதுக. முதலில் நம் இயக்கப் பக்கங்களில் அதனை ஆய்ந்து பிழை களைக. பின்னர் எவரும் விலையின்றி எடுத்தாள அதனைப் பொதுவில் வைக்க. நூறு சொற்களேனும் பிழையின்றி அமையுமாயின், அதுவே நாம் முழங்கும் ஆயிரம் முழக்கங்களினும் தமிழுக்கு ஆக்கம் தரும்.

வெல்க தமிழ்!