பின்னால் எஞ்சின், முன்னால் ஏற்றம்



வீடு என்பது ஓரிடத்தில் நிற்பது. வண்டி என்பது ஓடுவது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, படுக்கையும் சமையலறையும் குளியலறையும் கொண்ட ஓடும் வீடுகளை அமெரிக்க மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர் ஆண்டில் சில மாதங்களை அவற்றிலேயே கழிப்பதும் உண்டு. 'மோட்டார் ஹோம்' எனப்படும் இவ்வண்டிகளில் பெரியவை பல, டீசல் எஞ்சினைப் பின்புறத்தில் தாங்கியவை. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால் 'டீசல் புஷர்' என்று அங்கே அவற்றை வழங்குகிறார்கள். எஞ்சின் பின்னால் போய்விட்டபடியால் ஓட்டுபவரின் காதில் இரைச்சல் அதிகம் விழுவதில்லை; முன்பக்கமும் விசாலமாக அமைகிறது. இந்தச் சௌகரியத்துக்கு நாம் கொடுக்கும் விலை ஒன்று உண்டு. மலை ஏறும்போது எஞ்சின் எளிதில் சூடேறிவிடுகிறது. அதன் காரணமும் பரிகாரமுமே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

"அது அமெரிக்கக்காரர் கவலை, நமக்கென்ன?" என்று நேயர் சிலர் கேட்கலாம். நம்மில் பலருடைய பிள்ளைகள் அந்நாட்டில் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். அவர்களிற் சிலர் இத்தகைய வண்டியைப் பழைய விலைக்கு வாங்கி, ஊரிலிருந்து வரும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் செல்கிறார்கள். அதுவும் அன்றி, 2001 ஆம் ஆண்டில் வால்வோ நிறுவனம் தன் பின் எஞ்சின் பேருந்தை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது முதல், பெங்களூரிலிருந்தும் மற்ற நகரங்களிலிருந்தும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் திரும்பும் நாம், பல சமயங்களில் பின்னால் எஞ்சின் கொண்ட வண்டியில்தான் இரவு முழுதும் பிரயாணம் செய்கிறோம். அவ்வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறைகளில் உழைக்கும் நம்மவரும் உண்டு. உள்ளே இருப்பது கட்டிலா, இருக்கையா என்பது வேறுபடலாம்; எஞ்சினின் தாகம் ஒன்றுதான்.

முதலில் உஷ்ணத்தின் அளவைத் தெரிந்துகொள்வோம். லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்து லாஸ் வேகாஸ் செல்லும் 15 ஆம் எண் நெடுஞ்சாலை மொஹாவி பாலைவனத்தைக் கடந்து செல்கிறது. அங்கே பேக்கர் என்னும் சிற்றூர் கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. அதைக் கடந்து ஏறும் மவுண்டன் பாஸ் என்னும் கணவாயோ 1,400 மீட்டருக்கு மேல் உள்ளது. கோடையில் அங்கே நிழலிலும் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். எஞ்சின் சூடேறாமல் இருக்கக் குளிர்சாதனத்தை நிறுத்திவிடுமாறு சாலையோரப் பலகைகளே எச்சரிக்கின்றன. 12 டன் எடையுள்ள ஓடும் வீடு ஒன்று 1,100 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். காற்றின் எதிர்ப்பையும் டயர்களின் உராய்வையும் விட்டுவிட்டு, எடையைத் தூக்குவதற்கு மட்டுமே சுமார் 10 லிட்டர் டீசல் எரிய வேண்டும். அந்த 10 லிட்டரின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல்தான் சக்கரத்துக்குச் செல்கிறது. மற்றதில் பெரும்பகுதி புகையோடு வெளியேறுகிறது. ஏறக்குறைய கால் பங்கு, எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரில் இறங்குகிறது. அந்தக் கால் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டால், 300 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். இருபது குடம் வெந்நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏற்றத்தில் இவ்வளவு உஷ்ணத்தையும் வண்டியின் வாற்புறத்திலுள்ள ஓர் அலுமினியச் சட்டகம் காற்றிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஒப்படைக்க இயலாவிடில் சிலிண்டரின் தலைப்பாகம் வளையும், கேஸ்கட் வெடிக்கும், குடும்பம் முழுதும் பாலைவனத்தில் நடுச்சாலையில் நிற்க நேரும்.

அந்தச் சட்டகத்துக்கு 'ரேடியேட்டர்' என்று பெயர். சொற்களோடு பழகுவதையே தொழிலாகக் கொண்ட நம் போன்ற மொழிபெயர்ப்பாளருக்கு, இப்பெயர் சற்று வேடிக்கையானது. கதிர் வீசுவது என்பது அச்சொல்லின் பொருள். ஆனால் மோட்டார் ரேடியேட்டர் கதிர் வீசி இழக்கும் வெப்பம் மிகச் சொற்பம். தன்மீது பட்டுச் செல்லும் காற்றுக்கே அது வெப்பத்தில் பெரும்பகுதியைக் கொடுக்கிறது. ஆகவே 'கதிர்வீசி' என்று மொழிபெயர்த்தால் பெயருக்குப் பொருந்தும், வேலைக்குப் பொருந்தாது. பெயரை நம்பியவர் சட்டகத்தைப் பெரிதாக்க நினைப்பார். வேலையை அறிந்தவர் முதலில் காற்றின் வழியைப் பார்ப்பார். இன்றைய பேச்சின் சாரமும் இதுவே.

முன்னால் எஞ்சின் உள்ள லாரி ஓடும்போது காற்று தானே வந்து ரேடியேட்டரின் முகத்தில் மோதுகிறது. பின் எஞ்சின் வண்டிக்கு அந்த வரம் இல்லை. பத்து மீட்டருக்கும் மேல் நீண்ட உடல் அதன் முன்னே நின்று காற்றை மறைக்கிறது. எனவே விசிறி ஒன்றே கதி. விசிறி இழுக்கும் காற்றும் பெரும்பாலும் வண்டியின் அடிப்புறத்திலிருந்து, சக்கரங்கள் கிளப்பிய புழுதியோடு வருகிறது. சில வண்டிகளில் ரேடியேட்டர் பக்கவாட்டில் இருக்கும். அவற்றைச் சுத்தம் செய்வது எளிது. நேர் பின்னால் ரேடியேட்டர் கொண்ட வண்டிகளில்தான் தொல்லை மிகுதி. அங்கே விசிறி எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் நின்று, காற்றை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் என்னும் மற்றொரு சட்டகமும் ரேடியேட்டரை ஒட்டியே, பெரும்பாலும் அதற்கு உட்புறமாக அமைந்திருக்கும்.

இப்போது அழுக்கு எங்கே சேரும் என்று எண்ணிப் பாருங்கள். காற்று முதலில் படும் பக்கத்தில், அதாவது எஞ்சினை நோக்கிய உட்பக்கத்தில் சேரும். பின்கதவைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படுவதோ வெளிப்பக்கம். அது பளிச்சென்று இருக்கும். "ரேடியேட்டர் சுத்தமாகத்தான் இருக்கிறது, வேறு கோளாறு பாருங்கள்" என்று உரிமையாளர் சொல்வார். தெர்மோஸ்டாட் மாறும், வாட்டர் பம்பு மாறும், சமயத்தில் ரேடியேட்டரே மாறும். இன்டர்கூலரின் உட்பக்கத்தில் கம்பளம் போல் படிந்த அழுக்கு மட்டும் மாறாது. எனவே கைவிளக்கையும் சிறு கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு, எஞ்சின் பக்கமாகவே எட்டிப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் படுக்கையைத் தூக்கினால் அதன் கீழே இதற்கென்று ஒரு திறப்பு இருக்கும்.

வெறும் புழுதியானால் காற்றோடு உதிர்ந்துவிடும். அதைப் பசையாக்குவது எண்ணெய். எஞ்சினின் அடிப்பெட்டியிலிருந்து ஆவியை வெளியேற்ற 'பிரீதர்' என்னும் குழாய் ஒன்று உண்டு. அந்த ஆவியில் எண்ணெய்த் துளிகள் கலந்திருக்கும். பல வண்டிகளில் இக்குழாய் விசிறிக்கு முன்னாலேயே முடிந்துவிடுவதால், விசிறி அந்த எண்ணெயை இழுத்துச் சட்டகத்தின் மெல்லிய தகடுகளில் பூசுகிறது. புழுதி அதில் ஒட்டிக்கொள்கிறது. குழாயைச் சற்று நீட்டி, விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் அப்பால் திறக்குமாறு செய்தால் நோயின் வேர் அறும். நீட்டும் குழாய் பழைய குழாயைவிடக் குறுகலாக இருத்தல் கூடாது. நீர் தேங்கும்படி நடுவில் தொய்ந்தும் இருத்தல் கூடாது. தேங்கிய நீர் குளிர்காலத்தில் உறைந்து வழியை அடைத்தால், எஞ்சினுக்குள் அழுத்தம் மிகும்.

கழுவுவதற்கும் ஒரு முறை உண்டு. எஞ்சின் நன்கு ஆறியிருக்க வேண்டும். சாவி வண்டியில் இருத்தல் ஆகாது. அலுமினியத்தை அரிக்காத எண்ணெய் நீக்கி ஒன்றை உட்பக்கத்தில் தெளித்து ஊறவிட்டு, வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி நீரைப் பாய்ச்ச வேண்டும். அழுக்கு வந்த வழியே திரும்பிப் போகட்டும். பிறகு உள்ளிருந்தும் அலச வேண்டும். கறுப்பு நீர் தெளியும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்தல் அவசியம். கடுங்காரம் உள்ள திரவம் தகட்டைத் தின்றுவிடும். பலமான அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சினால் தகடுகள் மடிந்து, இருந்த வழியும் அடைபடும். மின்சார உறுப்புகளை முன்னதாகவே மூடி வைப்பது நல்லது.

வழியைத் துலக்கிய பின், காற்று அவ்வழியே செல்கிறதா என்று பார்க்க வேண்டும். ரேடியேட்டரைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டைகளும், விசிறியைச் சூழ்ந்த உறையும் கிழிந்திருந்தால், வெளியே சென்ற வெந்த காற்று ஓரத்தின் வழியாகத் திரும்பி வந்து மறுபடியும் விசிறியில் நுழையும். கிழிந்த ரப்பரின் விலை அற்பம். அதனால் விளையும் நஷ்டம் அற்பமன்று. பெல்ட்டு தளர்ந்திருந்தால் விசிறியின் வேகம் குறையும். எண்ணெய் அழுத்தத்தால் சுழலும் விசிறியானால், அதன் வால்வும் வெப்பத்தை உணரும் கருவியும் சரியாக இயங்குகின்றனவா என்று சோதிக்க வேண்டும்.

அடுத்து, நீர். வெப்பத்தைச் சுமப்பதில் தூய நீருக்கு நிகர் அரிது. ஆயினும் அது உறையும், கொதிக்கும், உலோகத்தை அரிக்கும். அதனால்தான் கிளைக்கால் கலந்த கூலண்டையும் நீரையும் பெரும்பாலும் சரிபாதியாகச் சேர்க்கிறார்கள். கிணற்று நீரையும் குழாய் நீரையும் ஊற்றினால் உட்குழாய்களில் உப்புப் படியும். ரேடியேட்டரின் முகத்தை வெப்பம் அளக்கும் கருவியால் அளக்கும்போது ஓரிடம் கொதித்தும் மற்றோரிடம் குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்த இடத்தில் நீர் ஓடவில்லை, குழாய் அடைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். மூடியையும் அலட்சியம் செய்தல் ஆகாது. வெளிக்காற்றைவிட ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக இருந்தால், தூய நீர்கூட 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் வில் சோர்ந்து அழுத்தம் கசிந்தால், மலைமேல் அதற்கு முன்பே கொதித்துவிடும். எஞ்சின் சூடாக இருக்கும்போது அம்மூடியைத் திறப்பவர், முகத்திலும் கையிலும் கொடிய புண்ணை வரவழைத்துக்கொள்கிறார்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் எஞ்சின் குளிரும் என்ற நம்பிக்கை நம் நாட்டிலும் உண்டு, அந்நாட்டிலும் உண்டு. பல டீசல் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, ரேடியேட்டருக்குச் செல்லாமல் சுற்றித் திரும்பும் குறுக்கு வழியையும் அதுவே மூடுகிறது. அதைக் கழற்றினால் குறுக்கு வழி என்றும் திறந்தே கிடக்கும். நீரில் ஒரு பகுதி ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பும். சூடு குறைவதற்குப் பதிலாக மிகும்.

இனி, ஓட்டுபவரின் கடமை. ஏற்றத்தில் எஞ்சின் திணறத் தொடங்கும் முன்பே கியரைக் குறைப்பது நன்று. எஞ்சினோடு இணைந்து சுழலும் விசிறி தள்ளும் காற்று, அதன் சுழற்சியைப் பொறுத்தது. நிமிஷத்துக்கு 1,500 சுற்றிலிருந்து 2,100 சுற்றுக்கு உயர்ந்தால், காற்று ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். வாட்டர் பம்பும் அதிக நீரைச் செலுத்தும். தயாரிப்பாளர் விதித்த எல்லைக்குள் சுழற்சி உயரட்டும். வண்டியின் வேகம் குறையட்டும். மெதுவாக ஏறினால் அதே வெப்பம் நீண்ட நேரத்தில் பரவி வெளியேறும். முள் மேலும் உயர்ந்தால், ஓரமாக நிறுத்தி, எஞ்சினை உடனே அணைத்துவிடாமல் சில நிமிஷம் சற்று வேகமாகவே ஓடவிட வேண்டும். ஆனால் கூலண்டு வெளியே கொட்டிவிட்டிருந்தால் தாமதமின்றி அணைப்பதே முறை.

இவ்வளவும் செய்த பின்னும் சூடு தணியாவிடில், பெரிய ரேடியேட்டரைப் பற்றி யோசிக்கலாம். ரேடியேட்டரின் மேல் நீர் தெளிப்பதையும் சிலர் செய்கிறார்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது, ஐந்து லிட்டருக்கு மேற்பட்ட நீரைக் கொதிநிலைக்கு ஏற்றும் அளவு உஷ்ணத்தை எடுத்துச் செல்வதால், அதன் பயன் உண்மையே. ஆயினும் உப்பு நீரைத் தெளித்தால், உப்பு தகடுகளின்மேல் தங்கி நாளடைவில் வழியை அடைக்கும். மேலே அழுக்குப் படிந்திருக்கும்போது பெரிய ரேடியேட்டரை வாங்குவது, சன்னலைச் சாத்திவிட்டுப் பெரிய அறை கட்டுவதை ஒக்கும்.

ஆகவே அமெரிக்காவிலுள்ள மகனோ மகளோ, "அப்பா, வண்டி மலை ஏறினால் சூடாகிறது; புதிய ரேடியேட்டருக்குப் பெருந்தொகை கேட்கிறார்கள்" என்று தொலைபேசியில் சொன்னால், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "படுக்கையைத் தூக்கி உட்பக்கத்தைப் பார்த்தாயா?" இங்கே பேருந்துப் பட்டறையில் உழைக்கும் தம்பியும், பளிச்சென்ற வெளிப்பக்கத்தோடு நிற்காமல், விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கட்டும். அவ்வாறு பார்ப்பதற்கு ஆகும் நேரம் அரைமணிக்கு மேல் இராது.