தெருவுல விழுற மழைத்தண்ணி எங்கே போகும்? பீர்க்கன்கரணையில் ஒரு க்விஸ்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இந்த எபிசோடை வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி ஹாரன் சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க, அது ஜி.எஸ்.டி. ரோடு. கதவைச் சாத்திட்டுப் பேசினாலும் அது உள்ளே வந்துடும்.

நான் இருக்கிறது பீர்க்கன்கரணை. இந்தப் பேரைச் சொன்னா சென்னைக்குள்ளேயே பாதிப் பேருக்குத் தெரியாது. "பெருங்களத்தூர் பக்கத்துல"ன்னு சொன்னா உடனே பிடிபட்டுடும். தென்மாவட்டத்துக்காரங்களுக்குக் கேட்கவே வேண்டாம். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி, கையில பை, இடுப்புல குழந்தை, "திருச்சி, மதுரை, திருநெல்வேலி"ன்னு கத்துற குரல், எல்லாருக்கும் அப்படி ஒரு பெருங்களத்தூர் ஞாபகம் இருக்கும். ஊருக்குப் போறப்போ சென்னையோட கடைசி ஸ்டாப், திரும்பி வர்றப்போ விடியக்காலையில முதல் ஸ்டாப். 2023 டிசம்பர் 30-ல கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு அந்தக் கூட்டம் கொஞ்சம் தள்ளிப் போயிடுச்சு.

எங்க நகர்ல ஏன் இங்கே மனை வாங்கினீங்கன்னு யாரைக் கேட்டாலும் "ஊருக்கு பஸ் ஏற வசதி"ன்னுதான் சொல்லுவாங்க. சென்னையில வீடு கட்டியும் ஒரு காலை பஸ் படிக்கட்டுலயே வச்சிருக்கிற ஜனங்க நாங்க. நாலு தெரு, எண்பது சொச்சம் வீடு. திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரை, தஞ்சாவூர், தர்மபுரின்னு எல்லா ஊரும் இருக்கு. நான் புதுக்கோட்டை. வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. யாராவது "சொந்த ஊரு?"ன்னு கேட்டா இன்னமும் புதுக்கோட்டைன்னுதான் வாய் சொல்லுது.

இப்போ சண்டைக்கு வர்றேன்.

2015 டிசம்பர் வெள்ளம் எல்லாருக்கும் தெரியும். தாம்பரத்துல மட்டும் ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரத்துல படகு விட்டாங்க. எங்க நகர்லயும் தரைத்தளம் பூரா தண்ணி. அது எல்லாருக்கும் பொதுவான கஷ்டம், அதனால யாரும் யாரோடயும் சண்டை போடல. ஒரே அடுப்புல உப்புமா கிண்டிச் சாப்பிட்டோம். சண்டை பின்னாடி வந்தது. மூணாவது தெருவுக்கு சிமெண்ட் ரோடு போட்டப்போ அது ஒரு அடி உயர்ந்துபோச்சு. ரெண்டாவது தெரு பள்ளமாயிடுச்சு. அதுக்கப்புறம் எந்த மழைக்கும் மூணாவது தெரு காயும், ரெண்டாவது தெரு நிறையும்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகள்ல மிக்ஜாம் புயல். பெருங்களத்தூர்–நெடுங்குன்றம் ரோட்டுல முதலை குறுக்கே போன வீடியோவை உலகமே பார்த்துச்சு இல்லையா, அதே ராத்திரிகள்தான். ரெண்டாவது தெருவுல முழங்கால் தண்ணி ரெண்டு நாள் நின்னுச்சு. மூணாவது தெருக்காரங்க தங்க பக்கம் வந்துடக்கூடாதுன்னு முனையில மணல் மூட்டை அடுக்கிட்டாங்க. ரெண்டாவது தெருவுல இருக்கிற திருநெல்வேலி அண்ணாச்சி, பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர், எழுபது வயசு, ராத்திரி பதினோரு மணிக்கு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு தனியாளா அந்த மூட்டையை இழுத்துப் போட்டார். மூணாவது தெருவுல மதுரைக்காரர் ஒருத்தர், ரயில்வேயில இருந்தவர், அவர் மறுபடி அடுக்கினார். கைகலப்பு வரைக்கும் போச்சு. ஸ்டேஷனுக்குப் போகாம தடுத்ததே பெரிய விஷயம். இந்த ரெண்டு பேரும் பதினஞ்சு வருஷம் ஒண்ணா வாக்கிங் போனவங்க. அண்ணாச்சி வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறிட்டார். அவருக்காக இன்னும் பதினோரு பேர் வெளியேறினாங்க.

இந்த நிலைமையில பொங்கல் விழா வந்தது. எங்க நகர்ல பொங்கல் விழாவைப் பொங்கலுக்கு வைக்க மாட்டோம். வச்சா பாதி வீடு பூட்டியிருக்கும், எல்லாரும் ஊருக்குப் போயிருப்பாங்க. அதனால ஜனவரி 26 காலையில கொடியேத்தி, மிட்டாய் குடுத்து, அதே பந்தல்ல கோலப்போட்டி, உறியடி, மியூசிக்கல் சேர் எல்லாம். அந்த வருஷம் யாரும் வரமாட்டாங்கன்னு நினைச்சோம். நாகர்கோவில் டீச்சர்தான் சொன்னாங்க: "தமிழ்நாட்டைப் பத்தி ஒரு க்விஸ் வைங்க. எல்லாருக்கும் அவங்கவங்க ஊர் பெருமை பேசணும். அதுக்காகவாவது வருவாங்க."

தெருவாரியா டீம் பிரிச்சா கலவரம் ஆயிடும்னு பொங்கப்பானையில சீட்டு போட்டு எடுத்தோம். டீச்சர்தான் எடுத்தாங்க. அண்ணாச்சியும் மதுரைக்காரரும் ஒரே டீம். தற்செயல்தான்னு டீச்சர் இன்னைக்கு வரைக்கும் சாதிக்கிறாங்க. நான் நம்பல.

கேள்வி கேட்டது நான். போன் எல்லாம் ஒரு எவர்சில்வர் அண்டாவுக்குள்ள. முதல் சுற்று சுலபம். சட்டசபையில தமிழ்நாடுன்னு பேர் மாத்தத் தீர்மானம் எப்போ? டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற ஒரு பொண்ணு, நான் கேள்வியை முடிக்கிறதுக்குள்ள 1967 ஜூலை 18-ன்னு சொல்லி, அது நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14-ன்னு உபரியா ஒண்ணையும் சொல்லிட்டா. அந்தப் பேருக்காக 76 நாள் உண்ணாவிரதம் இருந்து 1956-ல உயிரை விட்டவர்? விருதுநகர் சங்கரலிங்கனார். மாநில விலங்கு வரையாடு, பறவை மரகதப்புறா. மாநில வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு நாலாம் கிளாஸ் பையன் "தமிழ் மறவன்"னு கத்தினான், பெரியவங்க ஒருத்தருக்கும் தெரியல. திருத்தணி எப்போ நம்மகூடச் சேர்ந்தது? 1960 ஏப்ரல் 1. வேலூர்க்காரர் ஒருத்தர் ம.பொ.சி.யைப் பத்திப் பேச ஆரம்பிச்சார், மைக்கை வாங்கவே கஷ்டமாப் போச்சு.

அப்புறம்தான் அந்தக் கேள்வி. தமிழ்நாடு அரசு சின்னத்துல இருக்கிற கோபுரம் எது? அது போய்ச் சேர்ந்தது அண்ணாச்சி டீமுக்கு. அண்ணாச்சி, "ஸ்ரீவில்லிபுத்தூர்"ன்னார். பக்கத்துல மதுரைக்காரர் எந்திரிச்சு, "இல்ல, மதுரை மீனாட்சியம்மன் கோயில் மேலக்கோபுரம்"னார். ஒரே டீம், ரெண்டு பதில். எல்லாரும் படிக்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர்தான். வரைஞ்ச ஓவியர் கிருஷ்ணா ராவ் மதுரைக் கோபுரத்தைப் பார்த்துத்தான் வரைஞ்சார்னு சொல்றவங்களும் உண்டு. இது பல வருஷமா ஓடுற வழக்கு. "ஏன்யா, எல்லாமே மதுரைதானா உமக்கு?"ன்னு அண்ணாச்சி கேட்டார். ஏழு வாரத்துல அவர் இவரைப் பார்த்துப் பேசின முதல் வார்த்தை அதுதான். நான் ரெண்டு பதிலுக்கும் அரை அரை மார்க் குடுத்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினாங்க.

டீச்சர் ஒரு கேள்வி எழுதிக் குடுத்திருந்தாங்க. "வீடு மாறாம மாநிலம் மட்டும் மாறினவர் இந்தப் பந்தல்ல யார்?" பதில் அவங்கதான். அவங்க பொறந்தப்போ நாகர்கோவில் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்தது. 1956 நவம்பர் 1-ல கன்னியாகுமரி தமிழ்நாட்டோட சேர்ந்தது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1954 ஆகஸ்ட் 11-ல, மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ் துப்பாக்கிச்சூடு. மார்ஷல் நேசமணி பேரை அவங்க வீட்டுல எழுந்து நின்னுதான் சொல்லுவாங்களாம். அவங்க அதைச் சொன்ன விதத்துல பந்தல் கொஞ்சம் அமைதியாயிடுச்சு.

அதே மாதிரி நான் ஒண்ணு வச்சிருந்தேன். நாம உட்கார்ந்திருக்கிற இந்த மண்ணு கடைசி முப்பது வருஷத்துல என்னென்ன மாவட்டத்துல இருந்திருக்கு? 1997 வரைக்கும் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். அதைப் பிரிச்சதும் காஞ்சிபுரம். 2019 நவம்பர்ல இருந்து செங்கல்பட்டு. 2021 வரைக்கும் பேரூராட்சி, அப்புறம் தாம்பரம் மாநகராட்சி. நிலம் ஒரு இஞ்ச் நகரல. இதுல முழு மார்க் யாருக்கும் கிடைக்கல. திருத்தணி தேதி தெரிஞ்ச கூட்டத்துக்குத் தன் வீட்டு வரி ரசீதுல மாவட்டம் மாறினது ஞாபகமில்ல.

கடைசிக் கேள்வி நான் வேணும்னேதான் வச்சேன். "நம்ம தெருவுல விழுற மழைத்தண்ணி எங்கே போய்ச் சேரும்?" எழுதி வச்சிருந்த பதில், அடையாறு. இந்தப் பக்கத்துத் தண்ணி அடையாத்துல சேர்ந்து, அனகாபுத்தூர் தாண்டி, விமான நிலையத்துல ஒரு ரன்வேக்கு அடியில போய், பட்டினப்பாக்கத்துக்கிட்ட கடல்ல கலக்கும். டி.என்.பி.எஸ்.சி. பொண்ணு பாலாறான்னு யோசிச்சா. அண்ணாச்சி, "எங்க வீட்டு ஹாலுக்கு"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க, மூணாவது தெரு சிரிக்கல.

அப்போ பந்தலுக்கு வெளியில, தள்ளுவண்டிகிட்ட நின்னுக்கிட்டிருந்த இஸ்திரி போடுற அண்ணன், "சார், அடையாறு அப்புறம் சார். மொதல்ல எங்கே போவணும்னு கேளுங்க"ன்னார்.

அவரை நான் இருபது வருஷமாப் பார்க்கிறேன். பழைய பீர்க்கன்கரணை ஊருக்குள்ள பொறந்து வளர்ந்தவர்ங்கிறது அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். நகர் விழாவுக்கு அவருக்கு நாங்க பத்திரிகை வச்சதே இல்ல. மைக்கைக் குடுத்தேன். வாங்கல. அப்படியே சொன்னார். இது எல்லாம் கழனி. ஏரி மடையில இருந்து ஒரு கால்வாய் வரும். ரெண்டாவது தெருவுக்கும் மூணாவது தெருவுக்கும் நடுவுல, இப்போ பின்பக்கச் சுவருங்க இருக்கே, அதுதான் அந்தக் கால்வாய். மழை பெஞ்சா ரெண்டு பக்கத்துத் தண்ணியும் அதுல இறங்கி மேற்கால போயிடும். "நீங்க ரோட்டுல மூட்டை போட்டு என்னா சார் பண்றது? கால்வா பின்னால கெடக்குது."

செங்கல்பட்டை ஏரி மாவட்டம்னு சொல்லுவாங்க. அதுவும் என் கேள்வித்தாள்ல இருந்தது, ரெண்டு மார்க். ஏரின்னா அதுல இருந்து போற வாய்க்காலும் சேர்த்துத்தான்னு எனக்குத் தோணவே இல்ல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில அவரோட ஒம்போது பேர் நடந்தோம். அண்ணாச்சியும் வந்தார், மதுரைக்காரரும் வந்தார், ஆளுக்கொரு ஓரமா. ரெண்டு தெருவுக்கும் நடுவுல ரெண்டடி இடுக்கு. தென்னை மட்டை, உடைஞ்ச செங்கல், பழைய கமோட், எங்களோட எல்லா வீட்டு மிச்சமும் அங்கே கிடந்தது. ரெண்டு தெருவோடதும்தான். முனையில ரோட்டுக்கு அடியில ஒரு குழாய், மண்ணடைச்சுப் போயிருந்தது. குழாய்க்கு அப்புறம் கால்வாய் எங்கேன்னு தேடினோம். எங்க சங்கத்து ரூம் இருந்தது. கேரம் போர்டு, பிளாஸ்டிக் சேர், கொடிக்கம்பம் எல்லாம் வைக்கிற ரூம். 2009-ல கட்டினது. அப்போ பொருளாளர் நான். வீட்டுக்கு ஆயிரம் ரூபா வசூல் பண்ணி ரசீது எழுதினது என் கை. "அப்போ சொன்னோம் சார், மேஸ்திரிகிட்ட"ன்னு இஸ்திரி அண்ணன் சொன்னார். மேஸ்திரி எங்ககிட்ட சொன்னாரான்னு எனக்கு ஞாபகமில்ல. சொல்லியிருந்தா கேட்டிருப்பேனான்னும் நிச்சயமில்ல.

மதுரைக்காரர் ஒண்ணும் பேசல. அண்ணாச்சி என்னைப் பார்த்து, "ரசீது எங்கிட்ட பத்திரமா இருக்கு"ன்னு மட்டும் சொன்னார்.

இடுக்கைச் சுத்தம் பண்ண நாலு ஞாயிறு ஆச்சு, பாதி கூலிக்கு ஆள் வச்சு, பாதி நாங்களே. மாநகராட்சிக்கு மனு குடுத்தோம். குழாய் அடைப்பை எடுத்தாச்சு. ரூமைப் பத்தி ரெண்டு கூட்டம் போட்டோம், இடிக்கணும்னு நான் சொன்னேன், கேரம் கோஷ்டி ஒத்துக்கல. பின்சுவர்ல கீழே ரெண்டடிக்கு உடைச்சு ஒரு வழி விட்டிருக்கோம், இப்போதைக்கு. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்தப்போ ரெண்டாவது தெருவுல தண்ணி நின்னுச்சு, நிக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். கணுக்கால் அளவு. மறுநாள் மத்தியானம் வடிஞ்சது. மணல் மூட்டை யாரும் போடல. அன்னைக்கு ராத்திரி மதுரைக்காரர் டார்ச் எடுத்துக்கிட்டு இடுக்குல மட்டை அடைச்சிருக்கான்னு பார்க்கப் போனாராம். அண்ணாச்சி ஜன்னல்ல இருந்து, "வழுக்கும், பார்த்துய்யா"ன்னு குரல் குடுத்திருக்கார். வாக்கிங் இன்னும் தனித்தனியாத்தான் போறாங்க. கோபுர வழக்கும் முடியல.

அடுத்த க்விஸுக்கு நம்ம ஊர் சுற்றுன்னு ஒண்ணு சேர்த்தோம். கேள்வி குடுக்கச் சொல்லி இஸ்திரி அண்ணன்கிட்டயே கேட்டேன். இந்தத் தடவை பத்திரிகை வச்சுத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் சட்டையைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "ஒவ்வொரு கழனிக்கும் ஒரு பேரு உண்டு சார். அவங்கவங்க வீடு இருக்கிற கழனி பேரைக் கேளுங்க."

என் வீட்டுக்கு என்னன்னு கேட்டேன். க்விஸ் அன்னைக்குச் சொல்றேன்னுட்டார்.